ரெண்டாவது இறுக்கு

ஜூன் 9

அண்ணி,

போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள். எடுத்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுவோம். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நம் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர் நேற்று நான் வேலை செய்யும் சோபா கடைக்குள் தலையை நீட்டினார். நலம் விசாரித்துவிட்டு, போகிற போக்கில், "உங்க ராங்கிய வித்துடப் போறாங்களாமே. ஆளைத் தள்ளிவிட்ட குதிரைய வச்சுக்கிட்டு வேற என்ன பண்ணுவாங்க, பாவம்" என்றார். அப்போது கையில் ஸ்டேப்ளர் இருந்தது. ரெக்சினுக்குப் பதிலாக என் விரலில் அடித்துக்கொள்ளாதது ஆச்சரியம்.

அண்ணி, ராங்கி அண்ணனைத் தள்ளிவிடவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் "குதிரை துள்ளிடுச்சு, குதிரை துள்ளிடுச்சு" என்று சொன்னபோது நான் ஒரு மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். இப்போதாவது நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சேணம் போடும்போது ராங்கி வயிற்றை ஊதிக்கொள்வாள் என்பது நமக்குத் தெரியாததா? வயிற்றுவாரை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும், பத்து எட்டு நடந்ததும் மூச்சை விடுவாள், வார் தொளதொள என்று ஆகிவிடும். அதற்காகத்தானே நாம் அந்த முறை வைத்திருந்தோம்? லாயத்தில் நீங்கள் இறுக்கிவிட்டு "ஒண்ணு!" என்று கத்துவீர்கள். கேட்டுக்கு நடத்தி வந்ததும் நான் இன்னொரு முறை இறுக்கிவிட்டு "ரெண்டு!" என்பேன். ரெண்டு கேட்காமல் யாரும் சேணத்தில் ஏறியதே இல்லை.

அன்றைக்கு நாம் பேசிக்கொள்ளாமல் நாலு நாளாகியிருந்தது. "அவகூட நான் சவாரிக்கு வரமாட்டேன்" என்று நீங்கள் வீம்பு பிடித்தீர்கள். "அவங்க சேணம் போட்ட குதிரைய நான் தொடமாட்டேன்" என்று நான். அதனால்தான் எப்போதும் அலுவலக அறையில் உட்கார்ந்து டீக் கெட்டிலோடு மல்லுக்கட்டும் அண்ணன், பாவம், ராங்கி மேல் ஏறி முன்னால் போனார். நான் நம் கிழக் குதிரை பெரிசு மேல் உட்கார்ந்து, சவாரிக்கு வந்தவர்கள் வரிசையின் கடைசியில் போனேன்.

கேட்டில் நான்தான் நின்றிருந்தேன். ராங்கி என் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். உங்கள் "ஒண்ணு" கேட்கவில்லை. நீங்கள் சொல்லாதபோது நான் மட்டும் ஏன் சொல்லணும் என்று கையைக் கட்டிக்கொண்டேன். அவ்வளவுதான் அண்ணி நான் செய்தது. கையைக் கட்டிக்கொண்டேன்.

பாறைச் சரிவில் சேணம் அப்படியே சுழன்று அவள் வயிற்றுக்கடியில் போனது. அண்ணன் கீழே கிடந்தார். ஒரு கால் அங்கவடி வளையத்தில் மாட்டியிருந்தது. வேறு எந்தக் குதிரையாக இருந்தாலும் மிரண்டு ஓடியிருக்கும், அண்ணனை இழுத்துக்கொண்டு. நம்மிடம் வரும் வாடிக்கையாளர்களின் தொப்பியைத் திருடுகிறவள், சிப்ஸ் கவரைப் பார்த்துப் பின்வாங்குகிறவள், அன்றைக்கு நாலு காலும் நடுங்க அசையாமல் நின்றாள். நான் போய்க் காலை விடுவிக்கும்வரை நின்றாள்.

அவளை விற்காதீர்கள். தண்டனை எனக்கு என்ன வேண்டுமானாலும் கொடுங்கள்.

வாலு

----

ஜூன் 17

வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

நீ எழுதியது எதுவும் எனக்குப் புதிதில்லை. அன்று மாலை ராங்கியைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார்களே, அவள் வயிற்றுக்கடியிலிருந்து சேணத்தை அவிழ்த்தது நான்தான். நான் லாயத்தில் எந்த ஓட்டையில் மாட்டி விட்டேனோ அதே ஓட்டையில்தான் வார் இருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. அதைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவி ஆணியில் மாட்டினேன். எதற்காகக் கழுவினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

உன் அண்ணன் கண் விழித்ததும் "என்ன ஆச்சு?" என்றார். "துள்ளிடுச்சு" என்றேன். "ஓ" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது. இப்போது தொடையில் இரும்புத் தகடு, கையில் வாக்கர். கழிவறைக்குப் போய்த் திரும்புவதற்குள் சட்டை நனைந்துவிடுகிறது. அவருக்குக் குதிரை மேல் வருத்தம். ஆனால் நான் சமைத்ததைச் சாப்பிடுகிறார். "வாலு போன் பண்ணாளா?" என்று கேட்கிறார். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத மூன்று பேர் இந்த வீட்டில் இருப்போம். இல்லை, இரண்டு பேர். நீதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாயே.

குதிரைக்கு வாயா இருக்கிறது? பழி அதன் மேலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. ஏதோ கணக்குச் சொல்வதுபோல "நாலு நாள் பேசவில்லை" என்று எழுதியிருக்கிறாய். ஏன் பேசவில்லை என்று எழுதவில்லை. நான் எழுதட்டுமா? உன்னைக் கேட்காமல் ராங்கியை ஒரு வாடிக்கையாளரிடம் சவாரிக்குக் கொடுத்தேன். அந்த ஆள் கடிவாளத்தை வெடுக்வெடுக்கென்று இழுத்து அவள் வாயைப் புண்ணாக்கிவிட்டான். அது என் தப்புத்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நீ பதினைந்து வெளி ஆட்கள் முன்னால் நின்றுகொண்டு என்ன சொன்னாய்? "வந்தவங்க வந்தவங்களா இருங்க. இது எங்க அப்பா இடம்." விடிந்தால் சாணி அள்ளுகிறது நான். உன் அப்பாவின் கடைசி நாட்களில் அவர் படுக்கையை மாற்றியது நான். என்னைப் பார்த்து வந்தவள் என்றாய்.

முன்பதிவு செய்தவர்கள் வரிசையாக ரத்து செய்கிறார்கள். "அந்தக் குதிரை இன்னும் அங்கதான் இருக்கா?" என்று கேட்கிறார்கள். அவள் இருக்கும்வரை இங்கே யாரும் வரப்போவதில்லை. மரக்கடைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். காட்டில் வெட்டிய மரங்களை லாரி வரைக்கும் இழுக்க அவருக்குக் குதிரை வேண்டுமாம். மேலே யாரும் ஏறப்போவதில்லை என்பதால் தள்ளுகிற குதிரையானாலும் பரவாயில்லை என்கிறார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

----

ஜூன் 22

அண்ணி,

"வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். திட்டிக்கொண்டே வந்து தட்டில் இன்னொரு கரண்டி போடுவது உங்கள் வழக்கம். அதைப் படித்துவிட்டு, வாங்கி வைத்திருந்த சாப்பாட்டை மூடி வைத்தேன்.

நான் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது ராங்கியைப் பற்றி மட்டும் பேசுகிறேன், என்னைச் சுயநலக்காரி என்று நினைத்தாலும் சரி.

மரம் இழுக்கவா? ராங்கியா? விழுந்த மரத்தைத் தாண்டினவள் அண்ணி அவள்! நீங்கள் முதல்முதலாக அவள் மேல் ஏறிய நாள் நினைவிருக்கிறதா? மேட்டுப் பாதையில் மரம் விழுந்து கிடந்தது. "சுத்திப் போகலாம், லகானை இடப் பக்கம் இழுங்க" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். நீங்கள் இடப் பக்கம் இழுத்தீர்கள். அவள் காதைப் பின்னால் மடித்து, நேராக ஓடி, ஒரே தாவு. காடு அதிர அலறினீர்கள். செத்தோம், அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று பெரிசை விரட்டிக்கொண்டு வந்தேன். அந்தப் பக்கம் தொப்பி ஒரு காதில் தொங்க, பிடரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். என்ன சொன்னீர்கள்? "இன்னொரு தடவை போலாமா?" என்றீர்கள்.

மழையில் ஓடை பெருகிய நாளை மறந்துவிட்டீர்களா? பெரிசு தண்ணீரில் கால் வைக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. மேலே நீங்கள். நானும் ராங்கியும் அக்கரைக்குப் போய்விட்டோம். நான் எதுவும் சொல்லவில்லை அண்ணி, லகானைத் தொடக்கூட இல்லை. அவளாகவே திரும்பி, மறுபடி தண்ணீரில் இறங்கி, பாதி ஓடைக்கு வந்து நின்று, பெரிசைப் பார்த்துக் கனைத்தாள். அசட்டுக் கிழம் அவள் வாலை மோந்துகொண்டே கரை சேர்ந்தது. அன்று இருவரும் தொப்பல் தொப்பலாக நனைந்து லாயத்தில் உட்கார்ந்து, ஒரே துண்டில் தலை துவட்டி, எதற்கென்று தெரியாமல் சிரித்தோம்.

அதே ஓடையில் வேறொரு நாள், ஒரு பேராசிரியர் மேலே இருக்கும்போதே சாவகாசமாகப் படுத்துப் புரண்டாளே, அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் யோக்கியமானவள் என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

எங்கள் கடை முதலாளியின் தம்பிக்கு ஊருக்கு வெளியே கொட்டகை இருக்கிறது. ராங்கியை இங்கே அனுப்புங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் நான் அண்ணனுக்கே எழுதிவிடுவேன். இது மிரட்டல் இல்லை. இல்லை, மிரட்டல்தான்.

வாலு

----

ஜூன் 30

வாலுவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே லாரி வந்துவிட்டது.

ஏற மாட்டேன் என்று அடம் பிடிப்பாள், அரை நாள் போராட வேண்டியிருக்கும் என்று கயிறெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். பலகையில் கால் வைத்தாள், நின்றாள், திரும்பிப் பார்த்தாள். நான் முன்னால் போய் நின்று "வா" என்றதும் ஏறிவிட்டாள். நான் கூப்பிட்டதால் ஏறினாள்.

உன் அண்ணன் அறைக்குள்ளேயே இருந்தார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

அவருக்கு எழுதுவதாக இருந்தால் எழுது. இனி நான் தடுக்க மாட்டேன்.

அண்ணி

----

ஜூலை 6

அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கடையிலேயே பிரித்துப் படித்தேன். ஒரு சோபாவுக்கு உள்பக்கத்தை வெளிப்பக்கமாக வைத்துத் தைத்துவிட்டேன். முதலாளி ஊசியை வாங்கி வைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போம்மா" என்றார். வீடு என்றதும் எங்கே போவது என்று ஒரு கணம் தெரியவில்லை. சலவைக் கடைக்கு மேலே இருக்கும் என் அறையில் எப்போதும் ஆவி வந்துகொண்டே இருக்கும். அதில் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணனுக்கு எழுதிவிட்டேன். நாலு பக்கம். ஆனால் அனுப்பவில்லை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், எல்லாப் பக்கத்திலும் நான் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். படிக்கிறவர் என்ன செய்வார்? "சரி சரி, அழாதே" என்பார். தொடையில் தகடு வைத்த மனிதரிடம் போய் எனக்கு ஆறுதல் சொல்லுங்கள் என்று கேட்கிற மாதிரி இருந்தது. மடித்து வைத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தில் ராங்கியைப் பற்றி எதுவும் கேட்கப்போவதில்லை. அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையைப் பற்றி எழுதுகிறேன்.

"வந்தவங்க" என்று சொன்னபோது உங்கள் கையில் தீவன வாளி இருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனீர்கள். சொன்னது தப்பு என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்க உங்கள் அறை வாசல் வரைக்கும் வந்தேன். உள்ளே அண்ணன் குரல் கேட்டது. அவர் முன்னால் கேட்க வெட்கமாக இருந்தது. நாளைக்குக் கேட்கலாம் என்று திரும்பிவிட்டேன். மறுநாள் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள், எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு நாளும் அது கனத்துக்கொண்டே போனது.

அந்த இடம் உங்களுடையது அண்ணி. எனக்கு லாயத்தில் எந்தக் கதவு எப்படிக் கிறீச்சிடும் என்று தெரியும். அது எந்த நேரத்தில் கிறீச்சிட்டால் எந்தக் குதிரைக்கு வயிற்றுவலி என்பது உங்களுக்குத்தான் தெரியும். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன். உடனே மன்னிக்க வேண்டாம். கேட்டேன் என்பது மட்டும் இருக்கட்டும்.

வாலு

----

ஆகஸ்ட் 3

வாலுவுக்கு,

பதில் எழுத இத்தனை நாளானதற்குக் கோபம் காரணமில்லை. நடுவில் நிறைய நடந்துவிட்டது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்றே உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தால் வழக்கம்போல மறுபடி தள்ளிப்போட்டிருப்பேன். அதனால் நடுவிலேயே சொன்னேன். "குதிரை துள்ளல. வார் தளர்ந்து சேணம் சுத்திடுச்சு. நான் ஒண்ணு சொல்லல. அவ ரெண்டு சொல்லல. இதை மறைச்சு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் கையில் எடுத்த சோற்றைத் தட்டில் திரும்ப வைத்தார். பிறகு சொன்னார், "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஏறும்போதே சேணம் ஒரு பக்கமா அசைஞ்சுது."

எனக்கு வந்த ஆத்திரத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "அசைஞ்சா கீழ இறங்கி இறுக்க வேண்டியதுதானே? வாய்ல என்ன, கொழுக்கட்டையா?" என்று கத்தினேன்.

"இறங்கினா, யாரு இறுக்கலன்னு பேச்சு வரும். நீ அவளப் பார்ப்ப. அவ உன்னப் பார்ப்பா. வாடிக்கைக்காரங்க எல்லாரும் நிக்கிறாங்க. அண்ணிகிட்ட சொல்லுங்க, உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்கன்னு நாலு நாளா தபால்காரன் வேலை பார்த்து அலுத்துப்போயிருந்தேன். சரிவு தாண்டினதும் இறங்கி நானே இறுக்கிக்கலாம்னு நெனச்சேன்."

சரிவு தாண்டினதுமாம்.

"அப்போ நான் துள்ளிடுச்சுன்னு சொன்னப்போ ஏன் பேசாம இருந்தீங்க?"

"நீ அப்படிச் சொன்ன. அதையே பிடிச்சுக்கிட்டா வீட்டுல யாருக்கும் வலிக்காதுன்னு தோணுச்சு" என்றார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஜன்னலைச் சாத்தச் சொன்னது கோவத்துல இல்ல. அவ மூஞ்சியப் பார்க்க முடியல" என்றார்.

மூன்று பேர், வாலு. மூன்று பேருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று மூன்று பேரும் சேர்ந்து அந்த வாயில்லா ஜீவனை லாரியில் ஏற்றிவிட்டோம்.

மறுநாள் விடிந்ததும் ஜீப்பை எடுத்தேன். பின்னால் குதிரை ஏற்றும் வண்டி. "நானும் வர்றேன்" என்று வாக்கரோடு வந்து நின்றார். டாக்டர் கேட்டால் என்னைத்தான் திட்டுவார். தலையணையை அடியில் வைத்து உட்கார வைத்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்தார்.

மரக்கடைக்காரர் கெட்டவர் இல்லை. தீவனம் போடுகிறார், தண்ணீர் காட்டுகிறார். ஆனால் அவருக்கு அது வண்டிக்குப் பதிலாக ஒரு குதிரை, அவ்வளவுதான். திருப்பித் தாருங்கள் என்றதும் அவருக்கு மனசே வரவில்லை. "ரொம்ப சாதுவான குதிரைங்க. எங்க நிறுத்தினாலும் நிக்கிது. ஒரு சேட்டை கிடையாது. இப்படி ஒரு குதிரை எனக்குக் கிடைச்சதே இல்ல" என்றார்.

ராங்கியைச் சாது என்கிறார். அவளை மீட்க என்ன கொடுத்தேன் என்று கேட்காதே.

கொட்டகையின் மூலையில் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். மார்பிலும் விலாவிலும் இழுவைப் பட்டை உராய்ந்து இரண்டு பக்கமும் புண். உன் அண்ணன் வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய் எதிரே நின்றார். அவர் சட்டைப்பையில் எப்போதும் வெல்லம் இருக்கும், அதைத் தேடி மூக்கால் முட்டுவாளே, அதை எதிர்பார்த்தார். அவள் அசையவில்லை. அவர் வெல்லத்தை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டாள், மரியாதையாக. அந்த மனிதர் வாக்கர் மேல் குனிந்து அழ ஆரம்பித்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை, ஆஸ்பத்திரியில்கூட.

இப்போது அவள் இங்கேதான் இருக்கிறாள். அவள் இடத்தில். பெரிசு தலையை இந்தப் பக்கம் நீட்டி அவள் காதை நக்கிக்கொண்டே இருக்கிறது. புண் ஆறி வருகிறது. தொப்பி, துண்டு எதையும் திருடுவதில்லை. நேற்று அவள் காலடியில் வேண்டுமென்றே ஒரு சிப்ஸ் கவரைப் போட்டுப் பார்த்தேன். அதன் மேல் மிதித்துக்கொண்டு நின்றாள்.

புண்ணில் படாமல் சேணம் வைத்துப் பார்த்தேன். வாரை இழுத்தேன். அவள் ஊதவில்லை, வாலு. முதல் இழுப்பிலேயே கடைசி ஓட்டைக்குப் போய்விட்டது. இரண்டாவது இறுக்குக்கு வேலையே இல்லை. அந்த ஊதலைத்தானே இத்தனை வருடம் திட்டினோம். சேணத்தை எடுத்துவிட்டு, அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

நீ கேட்ட மன்னிப்புப் பற்றி: கேட்டாய் என்பது இருக்கிறது. நான் கேட்க வேண்டியதும் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் அவளைக் கொடுத்தது முதல் தப்பு, லாரியில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டது கடைசித் தப்பு. நடுவில் உள்ளதை நேரில் பேசுவோம்.

அண்ணி

----

ஆகஸ்ட் 11

அண்ணி,

நேரில் பேசுவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வருவது? இரண்டு முறை பஸ் நிலையம் வரை போனேன். ஒரு முறை டிக்கெட்கூட எடுத்துவிட்டேன். நடத்துநர் "ஏறும்மா, ஏறும்மா" என்று கத்தினார். திரும்பி வந்துவிட்டேன். அண்ணனைப் பார்த்துவிடலாம், உங்களைக்கூடப் பார்த்துவிடலாம். ராங்கி என்னிடம் வெல்லத்தை மரியாதையாக வாங்கிக்கொண்டால் நான் தாங்க மாட்டேன்.

அவளுக்காக ஒரு வயிற்றுவார் தைத்து இத்துடன் அனுப்புகிறேன். சோபாவுக்கு வைக்கிற மிருதுவான தோல், உள்ளே பஞ்சு. ஓரங்களை மூன்று முறை மடித்துத் தைத்திருக்கிறேன், தழும்பில் உராயாது. இவ்வளவு நேராக நீ சோபாவுக்குத் தைத்ததே இல்லையே என்று முதலாளி குறைபட்டுக்கொண்டார்.

அவள் ஊதாவிட்டால் அந்த ஓட்டைகளுக்கு வேலையில்லை என்று தெரியும். இருந்தாலும் பழைய வாரில் எத்தனை ஓட்டை இருந்ததோ அத்தனையும் போட்டிருக்கிறேன்.

அண்ணனுக்கு எழுதிய நாலு பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அவர் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

வாலு

----

செப்டம்பர் 19

வாலுவுக்கு,

உன் அண்ணன் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். படி ஏறும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொள்கிறார். அவர் விழுந்த அந்த நாளைப் பற்றி இப்போது யார் போன் செய்து கேட்டாலும், "குதிரை மேல தப்பில்லைங்க, சேணத்தை நாங்க சரியா கட்டல" என்று அவரே சொல்லிவிடுகிறார். பாதிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள். மீதிப் பேர் வருகிறார்கள்.

நீ அனுப்பிய வாரைப் புண் முழுக்க ஆறட்டும் என்று ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். நடுவில் ராங்கியை வெறும் கயிற்றில் பிடித்து ஓடை வரைக்கும் நடத்திக்கொண்டு போய் வந்தேன், தினமும். முந்தாநாள் தண்ணீரைக் காலால் அடித்து என்னை நனைத்தாள். தற்செயலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று என் துப்பட்டாவைக் காணோம். தேடினால் பெரிசின் தீவனத் தொட்டியில் கிடந்தது. பெரிசுக்கு அவ்வளவு மூளை கிடையாது.

இன்று காலை உன் வாரை எடுத்துப் போட்டேன். மெதுவாகத்தான் இழுத்தேன். ஒரு ஓட்டை, இன்னொரு ஓட்டை. அதற்கு மேல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் திருட்டு முழி முழித்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிறாள், வயிறு பானை மாதிரி இருக்கிறது. கழுதை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது!

லாயமே அதிரும்படி கத்தினேன். அலுவலக அறையிலிருந்து உன் அண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார், என்னவோ ஏதோ என்று. விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தோம். பத்து எட்டில் மூச்சை விட்டாள், வார் தொளதொள என்று தொங்கியது. இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். அவர் அதை இறுக்கக் கையை நீட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

சேணத்தைக் கழற்றி மாட்டிவிட்டோம். இன்று யாரும் அவள் மேல் ஏறவில்லை, நாளைக்கும் ஏறப்போவதில்லை. கேட்டில் நிற்க வேண்டிய ஆள் வந்து நிற்கும்வரை ஏறுவதாக இல்லை. அவள் வெல்லத்தை எப்படி வாங்கிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியாது. வந்து கொடுத்துப் பார்.

லாயம் அதிரக் கத்தினேன் என்றேனே, என்ன கத்தினேன் என்று எழுதவில்லை. உனக்கே தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நான் ஒண்ணு சொல்லிவிட்டேன்.

அண்ணி